நுண்ணுயிரும் நம் உயிரும்

'இயற்கை நுண்ணுயிர்கள் கொண்டது. கை படத் தேவையில்லை.' விழுப்புரம் கடைத்தெருவில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில் தொங்குகிற பொடிப் பாக்கெட்டுகளில் இந்த மாதிரி வாசகம்தான் இருக்கிறது. சிங்க்கில் ஒரு ஸ்பூன், கக்கூஸில் இரண்டு ஸ்பூன். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் அடைப்பு இருக்காது, நாற்றம் இருக்காது, செப்டிக் டேங்க்கை ஆயுசுக்கும் திறக்க வேண்டாம் என்கிறார் கடைக்காரர். கை படத் தேவையில்லையாம். யார் கை? பொடி வாங்குகிற வீட்டுக்காரர் கை எந்தக் காலத்தில் அங்கே பட்டது, இனிமேல் படாமல் இருப்பதற்கு? இத்தனை நாள் அங்கே பட்டுக்கொண்டிருந்த கை எது என்பது விற்கிறவனுக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும். பாக்கெட்டில் மட்டும் எழுதமாட்டார்கள்.

நான் இந்தப் பொடிக்கு எதிரி இல்லை. பாக்டீரியாவுக்கு எதிரியாக இருக்க எந்த மனுசனாலும் முடியாது, நம் குடலிலேயே அதுதான் குடியிருக்கிறது. பொடியை வைத்துச் சொல்லப்படுகிற கதைக்குத்தான் நான் எதிரி. அறிவியல் வந்துவிட்டது, இனிச் சாதி தானாகக் கரைந்து ஓடிவிடும் என்கிற கதை. நம்மிலேயே சிலர் இதை நம்புகிறார்கள். திண்டிவனத்தில் மாணவர்கள் கூடிப் பேசிய ஒரு நாள் ஒரு தம்பி கேட்டார்: "பூச்சியே எல்லாத்தையும் தின்னுடும்னா, நாம எதுக்குண்ணே இன்னும் மலக்குழிச் சாவுன்னு பேசிக்கிட்டே இருக்கணும்?" நல்ல கேள்வி. பதில் சொல்ல வேண்டுமானால் பூச்சி எதைத் தின்னும், எதைத் தின்னாது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சமையலறைக் குழாயிலிருந்து ஆரம்பிக்கலாம். பாத்திரம் கழுவிய எண்ணெய், வடிகஞ்சி, குழம்புச் சக்கை எல்லாம் குழாயின் உட்சுவரில் ஒட்டி வழுவழுப்பாக ஒரு படலம் உண்டாகிறது. கொழுப்பு ஆறினால் உறையும். மண்ணும் முடியும் அதில் சேர்ந்தால் அடைக்கும். பொடியில் இருப்பது பெரும்பாலும் பாசில்லஸ் வகைப் பாக்டீரியாவின் வித்துகள். ஈரமும் தீனியும் கிடைத்தால் முளைத்துப் பெருகும். அவை சுரக்கிற நொதிகளில் லைபேஸ் கொழுப்பை உடைக்கும், அமைலேஸ் மாவுப்பொருளை உடைக்கும், புரோட்டியேஸ் புரதத்தை உடைக்கும். ராத்திரி புழக்கம் நின்ற பிறகு ஊற்றி, அதை வாராவாரம் விடாமல் செய்தால் குழாயில் கொழுப்புப் படியாமல் பார்த்துக்கொள்ளும். இது உண்மை. முழுசாக அடைத்துக்கொண்ட குழாயை இதால் திறக்க முடியாது, அதற்கு ஸ்பிரிங் கம்பியோ ரப்பர் பம்ப்போ போட்டு இடிக்கத்தான் வேண்டும். கூடவே பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் ஊற்றினால் காசு கொடுத்து வாங்கிய பூச்சியை நாமே கொன்ற மாதிரி. மற்றபடி லைபேஸ் நம் ஊரைவிட நாகரிகமானது. அக்ரகாரத்து நெய்யா, சேரியின் மாட்டுக்கொழுப்பா என்று விசாரித்துவிட்டு அது வேலையை ஆரம்பிப்பதில்லை.

வெல்லம் ஒரு பங்கு, பழத்தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு போட்டு மூன்று மாதம் ஊறவைக்கிற வீட்டு வைத்தியமும் இப்போது பரவியிருக்கிறது. தாய்லாந்துப் பக்கமிருந்து வந்தது. பேர் என்சைம், ஆனால் வேலை செய்வது பெரும்பாலும் அதிலிருக்கிற புளிப்பு. தரை துடைக்கலாம், தப்பில்லை.

ஆசிட்டோடு ஒப்பிட்டால் இது எல்லாமே ஆயிரம் மடங்கு மேல். கக்கூஸ் ஆசிட்டை மொத்தமாகக் கவிழ்க்கிற வீடுகளை நினைத்துப் பாருங்கள். சாக்கடைச் சகதியில் சேர்ந்திருக்கும் சல்பைடின் மேல் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின். ஊற்றியவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார். அப்புறம் வந்து மூடியைத் திறக்கிறவன் மூக்கில்தான் அது ஏறும். சிங்க்குக்கும் பாத்ரூம் குழாய்க்கும் பூச்சிப்பொடியை நான் சிபாரிசு செய்ய இந்த ஒரு காரணமே போதும்.

செப்டிக் டேங்க்குக்கு வந்தால் கதை மாறுகிறது. நம் சனங்கள் இதைச் 'சேப்டி டேங்க்' என்பார்கள். யாருக்குச் சேப்டி என்பது வேறு விஷயம். மனுசன் பீயில் ஒரு கிராமுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி பாக்டீரியா இருக்கிறது. ஒரு குடும்பம் தினமும் அத்தனையையும் இலவசமாக டேங்க்கில் போட்டுக்கொண்டிருக்கும்போது, முந்நூறு ரூபாய் கொடுத்து மேற்கொண்டு ஒரு ஸ்பூன் போடுவது ஏரியில் சொம்புத் தண்ணீர் ஊற்றுகிற காரியம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002இல் வெளியிட்ட கையேட்டிலேயே இந்தச் சேர்மானங்களால் குறிப்பிடும்படியான பலன் எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். உள்ளே இருக்கிற பூச்சி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. ஆனால் அது தின்றதுபோக மிச்சம் இருக்கும். செரிக்காத நார், மண், செத்த பாக்டீரியாவின் உடம்பு எல்லாம் அடியில் சகதியாகப் படியும். நாப்கினை அது தின்னாது. பிளாஸ்டிக்கை, ஷாம்பு உறையை, துணியைத் தின்னாது. முடியைத் தின்னத் திணறும். ஆகவே இரண்டு மூன்று வருசத்துக்கு ஒரு தரம் டேங்க்கை லாரி வைத்து உறிஞ்சத்தான் வேண்டும். 'ஆயுசுக்கும் திறக்க வேண்டாம்' என்பவன் யாருடைய ஆயுசைச் சொல்கிறான் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அவன் பேச்சை நம்பிப் பத்து வருசம் திறக்காமல் விட்ட டேங்க்கில் சகதி களிமண்ணாக இறுகிப்போய்க் குழாயில் ஏறாது. அப்போது வீட்டுக்காரர் ஆள் தேடுவார்.

சாணியைக் கரைத்து ஊற்றினால் நல்லது என்கிற ஒரு கூட்டமும் உண்டு. சாணியில் மீத்தேன் உண்டாக்குகிற நுண்ணுயிர் இருக்கிறது, வாஸ்தவம். அதே வேலையைச் செய்கிற நுண்ணுயிர்தான் டேங்க்கிலும் இருக்கிறது. ஒன்றை வாசலில் தெளித்துக் கும்பிடுகிறான். இன்னொன்றுக்குப் பக்கத்தில் போகவே ஒரு சாதியைப் படைத்து வைத்திருக்கிறான்.

இந்த அறிவு நேற்று வந்ததில்லை. இங்கிலாந்தில் எக்ஸெட்டர் நகரத்தில் டொனால்ட் கேமரன் செப்டிக் டேங்க்கைக் கட்டியது 1895இல். பம்பாய் மாதுங்காவில் தொழுநோயாளர் இல்லத்தின் கழிவிலிருந்து எரிவாயு எடுத்தது 1897இல். காற்றை ஊதிப் பாக்டீரியாவைப் பெருக்கிச் சாக்கடையைச் சுத்தம் செய்யும் முறையை மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இரண்டு பேர் 1914இல் அறிவித்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் பவுலர் அடுத்த சில வருசங்களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கே பேராசிரியராக வந்து சேர்ந்தார். ஆக, நூறு வருசத்துக்கு முன்னாலேயே பாக்டீரியாவும் வந்துவிட்டது, அதை மேய்க்கத் தெரிந்த வாத்தியாரும் வந்துவிட்டார். பிறகு ஏன் ஆள் இறங்கினான்?

பாக்டீரியா சோம்பேறி இல்லை, ஆனால் அதற்கு மூன்று தேவை. இடம், அவகாசம், செலவு. கழிவுநீர் தேங்கித் தெளிய அறை அறையாகத் தொட்டி வேண்டும். நாள் கணக்கில் தங்க வேண்டும். தடுப்பு வலை, எண்ணெய்த் தொட்டி, இயந்திரம் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். இந்த மூன்றையும் கொடுக்காமல் தப்பிக்க நம் சமூகத்துக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. அரை நாள் கூலிக்கும் ஒரு குவார்ட்டருக்கும் வருகிற உடம்பு. தொட்டிக்கும் அவகாசத்துக்கும் இயந்திரத்துக்கும் பதிலாகச் சாதி ஒரு மனுசனைச் செருகி வைத்தது. இதுதான் நான் அந்தத் தம்பிக்குச் சொன்ன பதில். பூச்சி வந்து விடுவிப்பதற்கு அவன் இடத்தில் பூச்சி எப்போதும் இருந்ததுதான். அதற்கு வசதி செய்து கொடுக்க மறுத்தவர்கள்தான் அவனை இறக்கினார்கள்.

அவனைக் கொல்வதும் அதே நுண்ணுயிர் உண்டாக்கும் வாயுதான் என்பதை மாணவர்கள் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். காற்றில்லாத சகதியில் சல்பேட்டைத் தின்கிற பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடை வெளியே விடுகிறது. காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாறும். காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. 'நாத்தம் போயிடுச்சி, எறங்கலாம்' என்று மேஸ்திரி சொல்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். ஆயிரம் பங்கு இருந்தால் ஒன்றிரண்டு மூச்சில் விழுந்துவிடுவான். மேலே அமைதியாக இருக்கிற சகதியைக் கம்பால் கிளறியதும் அடங்கியிருந்த வாயு மொத்தமாகப் பொங்கும். விழுந்தவனைத் தூக்க அண்ணன் இறங்குவான், அவனைத் தூக்க மச்சான் இறங்குவான். செய்தித்தாளில் மூன்று பேர், நான்கு பேர் என்று சேர்ந்தே வருவது இதனால்தான். பொடி போட்ட டேங்க்கில் இந்த வாயு இருக்காது என்று யாராவது சொன்னால் அவனை முதலில் உள்ளே எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சட்டத்துக்குக் குறைவில்லை. 1993இல் ஒன்று. 2013இல் இன்னொன்று, டிசம்பர் 6 அன்று, அண்ணலின் நினைவு நாளில், நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்க்குக்குள்ளோ ஆளை இறக்கினால் முதல் தடவைக்கே இரண்டு வருசம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நகராட்சிக்கு மட்டுமில்லை, வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான். ஆனால் அதே சட்டத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது. அரசு அறிவிக்கிற கருவியும் கவசமும் கொடுத்துவிட்டால் மலம் அள்ளுகிறவன் மலம் அள்ளுகிறவன் ஆகமாட்டானாம். கையுறை மாட்டிவிட்டால் சாதி கழன்றுவிடும் என்று நாடாளுமன்றமே நம்பியிருக்கிறது! 2014 மார்ச்சில் சஃபாயி கரம்சாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1993க்குப் பிறகு செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அது முப்பது லட்சமானது. 2019 நடுவில் தேசியத் துப்புரவுப் பணியாளர் ஆணையம் கொடுத்த கணக்கில் 1993 முதல் நாடு முழுக்க 814 சாவு, அதில் தமிழ்நாட்டில் 206. மாநிலங்களில் முதலிடம் நமக்கு. கணக்கில் வந்தது இவ்வளவு.

1978 ஜூலையில் விழுப்புரம் பெரியகாலனி மக்கள் 12 பேர் வெட்டியும் அடித்தும் கொல்லப்பட்டபோது அதற்குக் 'கலவரம்' என்று பெயர் வைத்தார்கள். குழிக்குள் செத்தால் 'விபத்து' என்று பெயர் வைக்கிறார்கள். பெயர் வைப்பதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. 2020இல் துப்புரவுப் பணியாளர் தூய்மைப் பணியாளர் ஆனார். 2023 பட்ஜெட்டில் ஒன்றிய நிதியமைச்சர் 'மேன்ஹோல்' இனி 'மெஷின்ஹோல்' என்றார். மெஷின் எத்தனை ஊருக்கு வந்திருக்கிறது என்பதை அவரவர் தெருவில் பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஜங்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரிகிற விழுப்புரத்தில், அந்தக் காலத்தில் ரயில் நின்று போன பிறகு தண்டவாளத்தில் கிடப்பதை யார் அள்ளினார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பிறகு ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ உருவாக்கிய பாக்டீரியாத் தொட்டியைப் பெட்டிக்கு அடியில் மாட்டினார்கள். 2020 வாக்கில் ஏறத்தாழ எல்லாப் பெட்டிக்கும் வந்துவிட்டது. தண்டவாளம் சுத்தமானது, அதை மறுக்கவில்லை. சந்தோசம்தான். ஆனால் 2017இல் வந்த தணிக்கை அறிக்கையைப் பாருங்கள். சுமார் 25,000 கழிப்பறைகளைப் பரிசோதித்ததில் 2016-17 ஒரே வருசத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் அடைப்பு. பாட்டில், குட்கா உறை, துணி, டயாபர். பாக்டீரியா தின்னாததையெல்லாம் பயணி போடுகிறான். டிப்போவில் அதை எடுப்பது யார்? கான்ட்ராக்ட் தொழிலாளி. கான்ட்ராக்டில் ஆள் எடுப்பது எந்தத் தெருவிலிருந்து? வேலை தண்டவாளத்திலிருந்து டிப்போவுக்குப் போயிருக்கிறது, தெரு மாறவில்லை.

இடமும் அவகாசமும் கொடுத்தால் பாக்டீரியா என்ன செய்யும் என்று பார்க்க வெளிநாடு போகவேண்டாம். வானூர் தாலுகாவில் ஆரோவில் இருக்கிறது. குடியிருப்புக்குக் குடியிருப்பு தனித்தனியாகக் கழிவுநீரைச் சுத்தம் செய்கிறார்கள். தடுப்புச் சுவர் வைத்த தொட்டி, கூழாங்கல்லில் வளர்கிற நாணல், கடைசியில் ஒரு குட்டை. வெளியே வருகிற தண்ணீர் மரத்துக்குப் போகிறது. புதுச்சேரி தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையிலும் இதே முறைதான். ஒரு ஆஸ்பத்திரிக் கழிவையே பூச்சியையும் நாணலையும் வைத்துச் சமாளிக்க முடிகிறது. திண்டிவனத்துக்கு வடக்கே ஜிஎஸ்டி ரோட்டில் கருங்குழி பேரூராட்சியில் 2017 முதல் லாரியில் வருகிற செப்டிக் டேங்க் சகதியைப் படுகையில் காயவைத்து உரமாக்குகிறார்கள். பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், தோழர்களே. முடியாது என்பவன் வாயை அடைக்க அந்தப் பயணம் உதவும். ஆனால் இயற்கை, இயற்கை என்று உருகுகிற நகரத்து நண்பர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. பழத்தோலை மூன்று மாதம் பொறுமையாக ஊறவைக்கிறீர்கள். உங்கள் டேங்க் மூடி போர்ட்டிகோ டைல்ஸுக்கு அடியில் புதைந்து கிடக்கிறதே, அதைக் குழாய் நுழைகிற மாதிரித் திறந்து வைக்க ஒரு நாள் ஒதுக்கினீர்களா?

நம் பக்கமும் கேட்க வேண்டியிருக்கிறது. நான் வங்கியில் குமாஸ்தா. இட ஒதுக்கீட்டில் வந்த நம் ஆட்கள் கட்டிய புது வீடுகளில் அடைப்பு வந்தால் என்ன நடக்கிறது? "அவுங்கள வரச் சொல்லு" என்கிறார்கள். யார் அவுங்க? நம்மிலும் கீழே தள்ளப்பட்ட அருந்ததியர் தெரு ஆள். ஊர்த்தெருக்காரன் நம்மைச் சொன்ன அதே வார்த்தை, அதே தொனி. சாமி படத்தை எடுத்துவிட்டு அம்பேத்கர் படம் மாட்டிய வீட்டுக்குள்ளிருந்து இந்த வார்த்தை வந்தால் அந்தப் படத்தை மரியாதையாகக் கழற்றி வைத்துவிடலாம்.

கடன் விஷயமும் என் மேசைக்கு வருவதுதான். டேங்க் லாரி வாங்க இந்தத் தொழிலிலேயே இருக்கிறவர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் தரத் தேசியத் துப்புரவுப் பணியாளர் நிதி வளர்ச்சிக் கழகத்தின் திட்டம் 2014 முதல் இருக்கிறது. 2019இல் டெல்லியில் 200 இயந்திர வண்டிகள் இறங்கின, தலித் தொழில் வணிகக் கழகம் முன்னின்றது, ஸ்டேட் வங்கி கடன் கொடுத்தது. நடக்கக்கூடிய காரியம்தான். நம் பக்கத்துக் கதை வேறு. ஒரு கிளையில் நான் பார்த்தது: பதினைந்து வருசம் லாரியில் குழாய் பிடித்த ஒருவர் சொந்த லாரிக்கு மனு கொடுத்தார். சொத்து ஜாமீன் எங்கே, வருமான வரிக் கணக்கு எங்கே, சிபில் ஸ்கோர் எங்கே என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். அந்தத் தொழில் பற்றி ஒரு கேள்விகூட யாரும் கேட்கவில்லை. அவருக்கு லாரியைத் தெரியும், டேங்க்கைத் தெரியும், எந்த வீட்டில் எத்தனை அடி ஆழம் என்று தெரியும். மனுவில் அதை எழுதக் கட்டமே இல்லை. அதே வருசம் லாரி முதலாளி ஒருவர் இரண்டாவது லாரிக்குக் கடன் வாங்கிப் போனார். அவர் டேங்க் மூடியைத் திறந்து பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். முதலாளியாக ஒரு சாதியும் குழாய் பிடிக்க ஒரு சாதியும் என்றால் இயந்திரம் வந்தும் பழைய கணக்குதான் ஓடுகிறது. படிவம் நிரப்பத் தெரிந்த மாணவர்கள் இந்த மனுக்களுக்குக் கூட உட்கார்ந்து உதவுங்கள். கூட்டம் போடுவதைவிட இது கஷ்டமான வேலை.

ஆதிதிராவிடர் நல விடுதிகளில் இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் கர்நாடகத்தில் மாலூர் பக்கம் ஒரு உறைவிடப் பள்ளியில் தலித் பிள்ளைகளைச் செப்டிக் டேங்க்குக்குள் இறக்கிய செய்தி வெளிவந்து தலைமையாசிரியர் கைதானார். 'வாளி எடுடா' என்று எந்த வார்டன் சொன்னாலும் எடுக்காதீர்கள். சமையலறைக் குழாய் வெளியே வருகிற இடத்தில் எண்ணெய்த் தொட்டி ஒன்று கட்டச் சொல்லி மனு கொடுங்கள், நான்கு செங்கல் வரிசையும் ஒரு மூடியும்தான். சிங்க்கில் வலை வைக்கச் சொல்லுங்கள். நாப்கினுக்கு மூடி போட்ட கூடை, அதை எரிக்கக் கருவி. ஆசிட் வாங்குவதை நிறுத்தி, பொடி வாங்கச் சொல்லுங்கள், ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஊற்ற. டேங்க்கைக் கடைசியாக எடுத்த தேதி என்ன, எந்த லாரி எடுத்தது, எங்கே கொண்டுபோய்க் கொட்டியது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். எடுக்க வேண்டிய நேரம் வந்தால் 14420 என்ற எண்ணுக்குப் போன் செய்து லாரியை வரவழைக்கச் சொல்லுங்கள். லாரி வந்து குழாய் எட்டவில்லை, ஆள் இறங்கினால்தான் ஆகும் என்றால் வேலையை அங்கேயே நிறுத்தி, மூடியைப் போட்டுவிட்டு, அகலமாக உடைத்துக் கட்ட கொத்தனாரைக் கூப்பிடச் சொல்லுங்கள். மனுவின் நகல் ஒன்று நகராட்சி ஆணையருக்கும், ஒன்று ஆட்சியருக்கும், ஒன்று நமக்கும்.